சொன்ன பிறகு அமுக்கு

நேற்று சாயங்காலம் மாதனூரில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியபோது உன் தங்கை சரண்யா ஸ்டாப்பில் நின்றிருந்தாள். கையில் ஒரு கட்டைப்பை. "அண்ணா, வருஷத் திதி முடிஞ்சிடுச்சு. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். இது உங்களுதுதானே, எடுத்துக்கினு போய்டுங்க. அம்மா இதைப் பாத்துப் பாத்து அழுவுது" என்றாள். உள்ளே என் பழைய லேப்டாப், சார்ஜர், அப்புறம் விளையாட இரண்டு கையிலும் பிடிக்கிற அந்த கேம்பேட்.

கேம்பேடை வெளியே எடுத்ததும் வாசனை அடித்தது. ஆட்டுத் தோல், பசை, கை வியர்வை. ரப்பர் பிடி பிசுபிசுத்துப் போனதென்று கம்பெனியில் ஷூவுக்கு வெட்டி மிஞ்சிய லைனிங் தோல் துண்டுகளைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் நீயே உறை தைத்துப் போட்டாய். தையல் இன்னும் விடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வருகிறதா என்று ஸ்டாப்பிலேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

கடிதம் எழுதுவதெல்லாம் எனக்கு வராது. பிரேக்டவுன் ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். என்ன பழுது, என்ன காரணம், என்ன செய்தோம், முடிந்தது. இதுவும் அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

பத்தாவது வரை நாம் ஒரே பெஞ்ச். நீ நேராக ஷூ கம்பெனிக்குப் போனாய். நான் டிப்ளமா முடித்துவிட்டு அதே கேட்டுக்குள் வந்தேன். நீ கட்டிங் செக்‌ஷன், நான் மெயின்டனன்ஸ். நான் சேர்ந்த அன்றைக்கே உனக்கு என் பேர் மறந்துபோனது. கேன்டீனில் அத்தனை பேர் முன்னாலும் "டேய் டிப்ளமா, இங்க வாடா" என்று கத்துவாய்.

அந்த விளையாட்டை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வந்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ரூமில், ஃபேனை நம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்காருவோம். ஏதோ ஒரு மாய ராஜ்ஜியம், இடிந்த கோட்டை, பேசும் காளான். கதை என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கதை வரும் இடத்தையெல்லாம் நான் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். தெரிந்தது இவ்வளவுதான். மூன்று வீரர்கள். பாறை உடம்புக்காரன் தள்ளுவான், சுமப்பான். கயிற்றுக்காரி தாவுவாள், தொங்குவாள். விளக்கு ஏந்திய கிழவர் வெளிச்சத்தைத் திரட்டிப் பெட்டி செய்வார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் திரையில் இருக்க முடியும். கேம்பேடின் இடது தோளில் இருக்கும் பட்டனை ஆள்காட்டி விரலால் அமுக்கினால் ஆள் மாறும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே ஒரு கல்விளக்கு. செத்தால் அங்கிருந்து மறுபடி தொடங்கலாம்.

நீ அவர்களுக்கு லோடுமேன், அக்கா, பூசாரி என்று பேர் வைத்தாய். கேம்பேட் ஒன்றுதான். செத்தவன் மற்றவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம். பெரும்பாலும் நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். கதவைக் கண்டால் ஓடுவேன், வழியில் இருக்கும் முள்ளில் விழுவேன். நீ கேம்பேடை வாங்கினால் முதலில் எதையும் தொட மாட்டாய். தோலை மேஜையில் விரித்ததும் எங்கே வடு இருக்கிறது, எங்கே உண்ணி கடித்த புள்ளி இருக்கிறது என்று பார்ப்பாயே, அப்படித் திரையைப் பார்ப்பாய். எனக்குக் கை பரபரக்கும்.

"இன்னாடா அவசரம், பஸ்ஸு போய்டுமா? கையை மடியில வெச்சிக்கினு சும்மா இரு" என்பாய்.

நாலாவது கட்டத்தில் அந்த இரட்டைக் கல் வந்தது. ஓர் இரும்புக் கதவு. அதற்கு இடது பக்கம் ஒரு கல், வலது பக்கம் ஒரே ஆள் இரண்டையும் மிதிக்க எட்டாத தூரத்தில் ஒரு கல். இரண்டும் ஒரே நேரத்தில் அமுங்கினால்தான் கதவு திறக்கும். நான் அரைமணி நேரம் இங்கும் அங்கும் ஓடினேன். நீ வாங்கி, பூசாரியை வரவழைத்து ஒரு பெட்டி செய்தாய். அதை ஒரு கல்லின்மேல் வைத்தாய். லோடுமேனைக் கொண்டுபோய் மற்றதன்மேல் ஏற்றினாய். கதவு திறந்தது.

"ரெண்டு கல்லுக்கு ரெண்டு ஆளு எதுக்குடா? ஒண்ணு மேல வெயிட்டை வெச்சிட்டா ஒருத்தன் போதும்."

நான் சிரித்துவிட்டு, "உன் பிரஸ் மெஷின் மாதிரியே இருக்குதுடா" என்றேன்.

சொன்னது நான். ரிப்போர்ட்டின் முதல் வரியாக இதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

உன் மெஷினில் தோலை விரித்து, அதன்மேல் ஷூவின் பாகத்தின் வடிவில் வளைத்த இரும்பு அச்சை, டையை, வைப்பாய். மேலிருந்து ஆர்ம், அந்த இரும்புக் கை, இறங்கி அடித்தால் துண்டு வெட்டுப்படும். அதை இறக்க இரண்டு பட்டன், இரண்டு கைக்கும் ஒவ்வொன்று. இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால் எந்தக் கையும் அடியில் இருக்காது. அதற்காகத்தான் இரண்டு. புது மெஷினில் இரண்டும் ஒன்றாக அமுங்க வேண்டும், ஒன்றை முன்கூட்டியே அடைத்து வைத்தால் அடிக்காது. உன் மெஷின் பழசு.

அடுத்த வாரம் ஒருநாள், மெஷின்களைச் சரிபார்க்கும் காலை ரவுண்டில் உன்னிடம் வந்தேன். பட்டன் தவறி அமுங்காமல் இருக்க அதைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. இடது பட்டனின் வளையத்துக்குள், ஷூவின் அடிக்குப் போடும் சோல் தோலில் வெட்டிய ஒரு வட்டம் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. விளிம்பைச் சீவி, மெழுகு தேய்த்திருந்தாய். வலது கையால் அடித்துக்கொண்டே இடது கையால் டையை நகர்த்திக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "பெட்டி" என்றாய்.

இதைச் செய்த முதல் ஆள் நீ இல்லை. குச்சி சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள், டேப் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்து நான் பார்த்ததில்லை. நின்று ரசித்தேன். ரசித்துவிட்டு, என் கையில் இருந்த தாளில் "இரு கைப் பட்டன், சரி" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எனக்கு இன்னும் பதினெட்டு மெஷின் பாக்கி இருந்தது.

அன்றைக்கே, டீக்கு அப்புறம், உன் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. சத்தம் கேட்டு ஓடிவந்து மெயினை அணைத்தது நான்தான். மற்றது உனக்குத் தெரியும்.

விசாரணையில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு நீ சொன்னாய்: "காலையில அவன் செக் பண்ணப்போ இது இல்ல சார். டீக்கு அப்புறம் நான்தான் வெச்சேன்." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "என் விரலு போனது போனதுதான். உனக்கு வேலை போனா அது மொளைக்குமா? வுடு" என்றாய். "சரி" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு மாதம் நீ வீட்டில் இருந்தாய். பொழுது போகட்டும் என்று லேப்டாப்பை உன்னிடமே விட்டுவைத்தேன். பிறகு உன்னைத் தோல் தரம் பிரிக்கிற மேஜைக்கு மாற்றினார்கள். நம் ஞாயிற்றுக்கிழமைகளும் மறுபடி ஆரம்பித்தன.

கேம்பேடின் மற்ற எல்லாவற்றையும் உன்னால் பிடிக்க முடிந்தது. அந்த இடது தோள் பட்டன் மட்டும்தான் எட்டவில்லை. அதற்கு உரிய விரல் இல்லை. நான் உன் இடது பக்கம் ஒட்டி உட்கார்ந்து, என் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டேன். நீ "மாத்து" என்றால் நான் அமுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. நான் எப்போதும் முந்திவிடுவேன். காற்றில் பறந்துகொண்டிருக்கும் அக்கா நடுவழியில் லோடுமேனாக மாறித் தொப்பென்று பள்ளத்தில் விழுவாள்.

"டேய் டிப்ளமா! சொன்னப்புறம் அமுக்குடா!"

"நீ சொல்றதுக்குள்ள டைம் போய்டுதுடா."

"போனா போவுது. செத்தா விளக்காண்ட இருந்து வர்றோம். உனக்கு இன்னா பேஜாரு?"

அடுப்புப் பக்கத்திலிருந்து உன் அம்மா, "ஞாயித்துக்கெழம அதுவுமா செத்தான் செத்தான்னு, வேற பேச்சே இல்லியாடா உங்களுக்கு?" என்று சத்தம் போடுவார். நீ இன்னும் உரக்க, "அம்மா, லோடுமேன் செத்துட்டாம்மா!" என்பாய்.

இங்கே ஒன்றை எழுத வேண்டும். அந்தப் பட்டனை வலது பக்கத்துக்கு மாற்றிக் கொடுப்பது இரண்டு நிமிட வேலை. செட்டிங்ஸில் போய் மாற்றினால் முடிந்தது. எனக்கு அது முதல் நாளே தெரியும். எந்தப் பழுதையும் பார்த்த மாத்திரத்தில் கையை வைக்கிறவன் நான். இதில் வைக்கவில்லை. வைத்திருந்தால் எனக்கு அங்கே ஒரு வேலையும் இருந்திருக்காது.

பதினோராவது கட்டத்தில் சிக்கினோம். காற்றாலைக் கோபுரம். ஆறேழு ஞாயிறு ஏறி ஏறி விழுந்தோம். ஒருநாள் எனக்குக் கடுப்பாகி லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டேன். நீ மெதுவாகத் திறந்துவைத்து, "எனக்கும்தான் புரியல. உக்காரு, பாத்துக்கினு இருக்கலாம்" என்றாய். உட்கார்ந்தேன். அன்றைக்கு முழுக்க நாம் ஒன்றும் விளையாடவில்லை, கோபுரத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன மழையில் உனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று நாள் வேலைக்கு வந்தாய். நாலாம் நாள் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். டெங்கு என்றார்கள். ரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டே போனது. நான் கட்டிலுக்கு இடது பக்கம் நின்றேன், பழக்கதோஷம். நீ ஏதோ முனகினாய். "மாத்து" என்று சொன்னதாக எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் "தண்ணி" என்றாய். கொடுத்தேன். மறுநாள் காலையில் போய்விட்டாய். பாலாற்றங்கரையில் எல்லாம் முடிந்தது. அதற்கு மறுநாள் நான் வேலைக்குப் போனேன். ஒரு மோட்டார் கருகியிருந்தது, கழற்றி வேறு மாட்டினேன்.

நேற்று வீட்டில் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டு, விளையாட்டைத் திறந்தேன். அதில் சேமிக்க மூன்று இடம் உண்டு. முதலாவது நம்முடையது, பதினோராவது கட்டம், காற்றாலை. மற்ற இரண்டும் காலியாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது காலியாக இல்லை. எல்லாக் கட்டமும் முடிந்திருந்தது, கடைசிவரை. முடித்த தேதியைப் பார்த்தேன். நீ கையில் கட்டோடு வீட்டில் இருந்த அந்த இரண்டு மாதத்துக்குள்.

ஒவ்வோர் இடத்துக்கும் பட்டன் அமைப்பு தனித்தனி. அதையும் திறந்து பார்த்தேன். நம்முடையதில் ஆள் மாற்றும் பட்டன் இடது பக்கமே இருந்தது. உன்னுடையதில் வலது பக்கம் இருந்தது.

அதாவது, நான் மறுபடி உன் பக்கத்தில் வந்து உட்காருவதற்கு முன்னாலேயே நீ தனியாக விளையாடி முடித்துவிட்டாய். கோபுரத்தில் எப்படி ஏறுவது என்று உனக்குத் தெரியும். "எனக்கும்தான் புரியல" என்றாய். பட்டனை மாற்றிக்கொள்ளவும் தெரியும். ஞாயிறு ஞாயிறாக என்னிடம் "மாத்து" என்றாய்.

ஏன் என்று கேட்க நீ இல்லை. எனக்குத் தோன்றியது இது: ஒரு பட்டனைப் பார்த்தும் பார்க்காமல் போனவனுக்கு, ஒரு பட்டனைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தாய். அல்லது நானாகவே இப்படி நினைத்துக்கொள்கிறேன், உனக்குப் பேச்சுத்துணை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க என்னிடம் கருவி இல்லை.

இன்று காலை ரவுண்டுக்கு முன்னால் சேஃப்டி ஆபீசரிடம் போனேன்.

"சார், அந்த ஆக்சிடென்ட் அன்னைக்கு நான் செக் பண்ணும்போதே அந்தத் தோலு பட்டன்ல இருந்துச்சு. பாத்துட்டுதான் டிக் போட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பையனே போய்ட்டான். ஃபைலை மூடியாச்சு. இப்ப வந்து சொல்றியே, உனக்கு இன்னா ஆச்சு?"

"எழுதிக்குங்க சார்."

"நீயே எழுதிக் குடு. மேல அனுப்புவேன். அப்புறம் உன் வேலைக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அவர் அலமாரியிலிருந்து உன் ஃபைலை எடுத்து அதில் சேர்த்தார். உள்ளே பாலிதீன் கவரில் உன் வட்டம் இருந்தது, மெழுகு இன்னும் பளபளத்தது. அது தடுத்ததால் ஃபைல் சரியாக மூடவில்லை. ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தார். அந்த வட்டத்தைக் கேட்டு வாங்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. என்ன முடிவு சொல்வார்கள் என்று தெரியாது. கூப்பிடும்வரை வேலையைப் பார் என்றார்.

ரவுண்டுக்குப் போனேன். அந்தத் தாளில் ஒரு டெஸ்ட் எப்போதுமே இருந்திருக்கிறது, உனக்கு அடிபடும்வரை நான்தான் செய்ததில்லை. வெட்டுகிறவரை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு பட்டனை மட்டும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஆர்ம் இறங்கினால் இன்னொன்றில் ஏதோ பெட்டி இருக்கிறது. இறங்காவிட்டால் சரி. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் டெஸ்ட். மூன்று எண்ணினால் போதும் என்று போட்டிருக்கிறது. உனக்கு அடிபட்ட மறுநாளிலிருந்து நான் பத்து எண்ணுகிறேன்.

உன் மெஷினில் இப்போது செல்வி அக்கா. வலது பட்டனை அமுக்கிக்கொண்டு நின்றேன். நாலு எண்ணுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா டிப்ளமா, பட்டனைப் புடிச்சிக்கினே தூங்கிட்டியா? டார்கெட்டை உங்க அப்பாவா வந்து வெட்டுவாரு?"

"இரு அக்கா. சொன்னப்புறம்தான் எடுக்கணும்."

"யாரு சொல்லணும்?"

பத்து வரை எண்ணினேன். ஆர்ம் அசையவில்லை. கையை எடுத்து, தாளில் டிக் போட்டுவிட்டு, அடுத்த மெஷினுக்குப் போனேன்.