இரண்டாவது ஆள்

மார்ச் 4, செவ்வாய்

உம்மணாமூஞ்சி இன்றைக்கு வரவில்லை. வேலையை விட்டுவிட்டாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் எதைத்தான் சொன்னாள்? என்னைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பாள், அவ்வளவுதான்.

என்னைக் கவனிக்க வரும் இருவரில் வளவளா மட்டும் வந்தாள் (இரண்டுமே நான் வைத்த பெயர்கள்). என் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் ஆறு வருஷம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும், அதுதான் விதி. எனக்கு அடியில் தடித்த துணியைச் செருகி, அதன் நான்கு காதுகளையும் இரும்புக் கொக்கில் மாட்டி (ஆளைத் தூக்கும் இயந்திரத்துக்கு நான் வைத்த பெயர், கழுத்து அப்படி நீளம்) ஒருத்தி மேலே ஏற்றுவாள். இன்னொருத்தி நான் ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். "இன்னைக்கு ஒரு நாள்தானே அக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். ஏற்றினாள். அந்தரத்தில் மெல்லச் சுற்ற ஆரம்பித்தேன். அலமாரி வந்தது, ஜன்னல் வந்தது, மறுபடி அலமாரி. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன்.

மார்ச் 7

இன்றும் தனியாகத்தான். இவர்களை அனுப்பும் நிறுவனத்தின் மேற்பார்வை அம்மாவுக்குப் போன் செய்தேன். ஆள் பஞ்சம், அடுத்த வாரம் புது ஆள் வருவாள் என்றார். அதோடு விட்டாரா? சிரமமாக இருந்தால் சொல்லுங்கள், பராமரிப்பு இல்லத்தில் இடம் பார்க்கலாம் என்று தேன் ஒழுகச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் கொஞ்ச நாள் அங்கே கிடந்திருக்கிறேன். வரிசையாகக் கட்டில்கள், நாள் பூராவும் டிவி, அணைக்க யாருமில்லை. தம்பிக்கும் அந்த யோசனை அவ்வப்போது வரும். அவன் மனைவி தடுத்து வைத்திருக்கிறாள், புண்ணியவதி.

சிரமமெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 13

புது ஆளாவது, வருவதாவது.

பயம் தெரியாமலிருக்க ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறோம். உம்மணாமூஞ்சி இன்னும் அந்தப் பக்கம் நிற்பதாகப் பாவனை. "தள்ளி நில்லுடி, அக்காவுக்குக் காத்து வரட்டும்" என்று வளவளா காலி இடத்தை அதட்டுகிறாள். இன்றைக்காவது அவளைச் சிரிக்கச் சொல் என்கிறேன் நான். சிரித்துக்கொண்டே தொங்குகிறேன். இறங்கிய பிறகு பார்த்தால் உள்ளங்கையில் நகம் பதிந்திருக்கிறது.

மார்ச் 20

சேவையின் தரம் எப்படி என்று பார்க்க அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மாதிரியான பெண். ஆனால் மேற்பார்வை அம்மா என் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து என் போர்வையை நீவிக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் அந்தப் போர்வையைத் தொட்டதில்லை.

இரண்டு பேர் வருகிறார்களா என்று அதிகாரி கேட்டார். வருகிறார்கள் என்றேன். இரண்டாவது ஆள் எப்படி என்றார்.

"வாயே திறக்க மாட்டா."

பழக்க தோஷம், தானாக வந்துவிட்டது. அதிகாரி சிரித்தார். மேற்பார்வை அம்மா தரையைப் பார்த்தார். கிளம்பும்போது அதிகாரி என் போனை வாங்கித் தன் எண்ணைப் போட்டுக் கொடுத்தார், எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று.

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள் நான். வண்டி வராது என்று ஒரு கூட்டத்துக்கே கூசாமல் சொன்னவள். ஓர் ஆள் வருவதில்லை என்று சொல்ல வாய் வரவில்லையே. வெட்கம்.

மார்ச் 26

மேல ஏத்தும்போது தோள் பக்கத்துக் காது ஒண்ணு கழண்டு போச்சு. தலை கீழ, கால் எங்கயோ மேல — தரை என் மூஞ்சிக்கு நேரா வருது. அவ பாய்ஞ்சு வந்து என் கழுத்துக்கு அடியில தோளைக் கொடுத்தா. அப்படியே தாங்கிக் கட்டில்ல தள்ளினா. எனக்கு முழங்கையில சிராய்ப்பு மட்டும். அவ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு தரையில உக்காந்துட்டா. சத்தமில்லாம அழுதா.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. தனியாத் தூக்கினது நான்தானே, என்னைத்தான் கேப்பாங்க."

சொல்ல மாட்டேன்னேன். வேற என்ன சொல்றது?

மார்ச் 27

நாற்காலி வேண்டாம், இன்றைக்குக் கட்டிலிலேயே இருக்கிறேன் என்றேன். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கும்தான்.

மார்ச் 28

வேண்டாம்.

ஏப்ரல் 4

இன்னும் கட்டிலில்தான். நாளைக்கு, நாளைக்கு என்று ஓடிவிட்டது. கொக்கு மூலையில் நிற்கிறது. அதைப் பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். வளவளா துடைத்துவிட்டு, சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகிறாள். குனியும்போது பல்லைக் கடிக்கிறாள். அவள் இடுப்பு சரியாகவில்லை, அதனால் நானும் அடிக்கடி புரட்டச் சொல்வதில்லை. குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று தம்பி போனில் கேட்டான். தூக்கக் கலக்கம் என்றேன்.

போகும்போது டிவியைப் போட்டுவிட்டுப் போகச் சொல்கிறேன். அணைக்க எனக்கு எட்டாது. சாயங்காலம் வரைக்கும் யார் யாரோ கத்திக்கொண்டிருக்கிறார்கள். இல்லத்துக்குப் போக மாட்டேன்னு சொன்னேனே, இது என்ன?

ஏப்ரல் 9

இன்று புரட்டும்போது வளவளா பேச்சை நிறுத்தினாள். பாதி வாக்கியத்தில். என்னவென்று கேட்டேன். முதுகுக்குக் கீழே கொஞ்சம் சிவந்திருக்கிறது என்றாள். எனக்கு அங்கே வலி தெரியாது. போனில் படம் எடுத்துக் காட்டு என்றேன். மாட்டேன் என்றாள், அதட்டினேன், காட்டினாள்.

தோல் இல்ல. என் உடம்புதானா இது?

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி இதே மாதிரி படுக்கைப் புண்ணில்தான் போனாள். பேசிக்கொண்டே இருந்தவள், காய்ச்சல் கண்டு, அடுத்த வாரம் இல்லை. விழுவதற்குப் பயந்து பயந்து நான் எதில் வந்து படுத்திருக்கிறேன்?

ஏப்ரல் 10

அதிகாரியிடம் சொல்லப் போகிறேன் என்று வளவளாவிடம் முதலில் சொன்னேன். அவள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "சொல்லுங்கக்கா" என்றாள்.

அவள் போனதும் பேசினேன். எல்லாவற்றையும். அன்றைக்குச் சொன்னது பொய் என்பதையும். அந்தப் பெண்மேல் தப்பில்லை, அவளைத் தனியாக அனுப்பியவர்கள்மேல்தான் தப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். புரிகிறது என்றார் அதிகாரி. மாலையே நர்ஸ் வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

ஏப்ரல் 14

வளவளா வரவில்லை. வேறொருத்தி வந்தாள்.

ஏப்ரல் 15

வளவளாவை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். விதியை மீறித் தனியாகத் தூக்கினாளாம். மேற்பார்வை அம்மா என் பக்கம் பேசுகிற தோரணையில் சொல்கிறார், பாருங்கள், எவ்வளவு ஆபத்து என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தனியா அனுப்பினது யாரு?" என்றேன். போனை வைத்துவிட்டார். அதிகாரிக்கு மறுபடி போன் செய்தேன். அதையும் விசாரிக்கிறோம் என்றார். விசாரித்து?

வளவளா என் போனை எடுக்கவில்லை.

மே 6

புண் ஆறிவிட்டது, கொஞ்சநேரம் உட்காரலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். காலையில் இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் மேடம் என்கிறார்கள். நான்கு காதுகளையும் ஒருத்தி மாட்ட, இன்னொருத்தி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். நான் சுற்றவில்லை. திறந்தபோது நாற்காலியில் இருந்தேன்.

மத்தியானம் வளவளாவே கூப்பிட்டாள். சாப்பிட்டீர்களா என்றாள். வேலை கிடைத்ததா என்றேன். பார்க்கிறேன் என்றாள். உடனே பேச்சை மாற்றினாள்.

"அந்தப் பக்கம் நிக்கிறவ கெட்டியாப் பிடிக்கிறாளாக்கா?"

"பிடிக்கிறா" என்றேன்.