இருநூறு இலக்க எண்

நாள் 88. 09:10
சீரிஸ் குறுங்கோள் நிலையம். மின்சாரம், வெப்பம் சீர். ஆட்கள் இருவர். இன்று இசக்கியப்பன் அண்ணனிடம் நான் சொல்லாதது: கதவுத் திரையில் இருக்கும் எண்ணை எங்கள் கணினியால் உடைக்க முடியாது.

உணர்கருவியைச் சரிபார்க்க எரிபொருள் அறைக்குள் போனார். பொய் எச்சரிக்கை அடித்தது; கதவு பூட்டிக்கொண்டது. பூட்டினால் திரையில் ஓர் எண் வரும். இரண்டு பகா எண்களைப் பூமியிலேயே பெருக்கி வைத்தது. அவற்றில் ஒன்றைத் தட்டினால் திறக்கும். அவை தரை நிலையத்துக்கு மட்டுமே தெரியும். அறுக்கும் கருவி அவரோடு உள்ளே. காற்று இரண்டு நாளுக்கு.

பூமியோடு பேச ஒரே வழியான இணைப்புக்கோள் இன்று மறையுமுன் செய்தி போய்விட்டது; பதில் வர நேரமில்லை. அது நாளை சிறிது நேரம் தெரியும். பிறகு ஆறு நாள் தெரியாது.

நாள் 88. 13:40
இருநூறு இலக்கம். கடைசி இலக்கம் 9. ஆகவே காரணிகள் இரண்டும் 3-இல் முடியலாம், இரண்டும் 7-இல் முடியலாம், அல்லது ஒன்று 1-இலும் மற்றது 9-இலும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 904, மூன்றால் வகுபடாது. வர்க்க எண்ணும் அல்ல. பெருக்க ஒரு நொடிகூட ஆகியிருக்காது. பிரிக்க என் ஆயுள் போதாது.

அவர் குரல்: "ஏ பிள்ள, நம்பர் வாயத் தொறக்குதா? எனக்கு ஏழாம் வாய்ப்பாடே தகராறு. உன்ன நம்பித்தான் உள்ள கெடக்கேன்."

"ஓடிக்கிட்டிருக்கு அண்ணே" என்றேன். கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நாள் 89. 06:25
தொடர்பு கிடைத்தது. தரவுப் பாதை பழுது, குரல் மட்டும். தரை நிலையத்தின் ரெமிஜியஸ் நூறு இலக்கக் காரணியை வாசிக்கத் தொடங்கினார். விதிப்படி, ஒவ்வோர் இலக்கத்தையும் இரு முறை.

"ஏழு, ஏழு. மூணு, மூணு. பூஜ்யம், பூஜ்யம்."

பிழை வந்துவிடக் கூடாதென்று அத்தனை நிதானம். "ஒரு தடவை போதும் சார்" என்று உடனே அனுப்பினேன். அது அவரை அடைய அரை மணி ஆகும். அதற்குள் இணைப்புக்கோள் இறங்கிவிட்டது. கையில் முப்பத்தொரு இலக்கம்.

நாள் 89. 07:50
முதல் ஐம்பது இலக்கம் தெரிந்தால் மீதியைக் கணக்கிட்டே எடுத்துவிடலாம். அதற்கு வழி உண்டு. இந்தக் கணினியே செய்யும். ஒரு முறை வாசித்திருந்தால் அறுபத்திரண்டு வந்திருக்கும். இன்னும் பத்தொன்பது வேண்டும். ஊகித்துப் பார்க்கிறேன். ஓர் ஊகத்தைச் சோதிக்கச் சில நொடி. ஊகங்களோ பூமியின் வயதை நொடிகளாக எண்ணினாலும் அதைவிட அதிகம்.

நாள் 89. 16:30
"எத்தன கெடச்சுது பிள்ள?"

"முப்பத்தொண்ணு அண்ணே."

"முப்பத்தஞ்சு எடுத்தாத்தான பாஸு. நாலு மார்க்குல கோட்ட விட்டுட்டியே." சிரித்தார். இருமினார். பிறகு, "நெசத்தச் சொல்லு. வருமா?"

அடுத்த ஊகத்தைத் தட்டினேன்.

"சரி, வந்த வரைக்கும் படி. சும்மா கேக்கேன்."

வாசித்தேன்.

நாள் 90. 11:15
அவர் பதில் தருவதில்லை. கூப்பிட்டுக்கொண்டே தட்டுகிறேன். ஊகிக்கும் பத்தொன்பதில் கடைசி நான்கு 4801, இல்லை. 4802, இல்லை. 4803

நாள் 95. 06:10
இணைப்புக்கோள் எழுந்தது. ரெமிஜியஸ் மீதி அறுபத்தொன்பது இலக்கத்தையும் ஒரே முறை வாசித்தார். பிழை இல்லை. தட்டினேன். கதவு திறந்தது. இசக்கியப்பன் அண்ணன் இறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.