கழுவித் துடைத்த வீடு

டிரைவிங் ஸ்கூல் மாடி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீ, அத்தான், பாப்பா எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன். நீ வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

அங்கே பெரிய வீடாகப் பார்த்து வைத்திருப்பதையும், அம்மா அப்பாவுக்குத் தனி அறை இருப்பதையும், அத்தான் அலுவலகத்தில் எனக்கு வேலை கேட்டிருப்பதையும் சொன்னாய். மாதக் கடைசிக்குள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும், இந்த வீட்டை யாருக்காவது விட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்றாய். அப்பா ‘பாக்கலாம்மா’ என்றார். அவர் சரி என்றுவிட்டதாக நீ நினைத்துக்கொண்டாய். அப்படியில்லை அக்கா. வெள்ளத்துக்கான இன்சூரன்ஸ் வந்தால் அப்பா தையல் மெஷின் வாங்கி வீட்டு முன்கட்டில் குஷன் கடையை மறுபடி திறந்துவிடுவார். வராவிட்டால் உன்னிடம் வருவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. எதுவும் இன்னும் முடிவாகவில்லை. அதனால் கொஞ்சம் பொறு.

நாங்கள் இருக்கும் இடத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். டிரைவிங் ஸ்கூல் மாமாவை உனக்குத் தெரியுமே, அவருடைய கார்களுக்கெல்லாம் அப்பாதான் சீட் தைத்துக் கொடுப்பார். தண்ணீர் வந்த அன்று அவரே வந்து கூட்டிப்போனார். மாடியில் அவர் வகுப்பு எடுக்கும் அறையைத்தான் எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார். சுவர் முழுக்கச் சாலைக் குறிகள். அப்பா தன் சட்டையை ‘நுழையாதே’ பலகையில் மாட்டுகிறார். அம்மாவின் சாமான்கள் ‘பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும்’ என்பதற்குக் கீழே இருக்கின்றன. விடிந்ததும் கீழேயிருந்து “பிரேக்! பிரேக்! அது ஆக்ஸிலேட்டர்ம்மா!” என்று மாமா அலறுவதுதான் எங்களுக்கு அலாரம். அம்மா ஒரு நாளும் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. ஜன்னலில் நின்றுகொண்டு, யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இனி அம்மா உன்னிடம் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்தும் ஏன் பணம் வரவில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் அம்மா பேச்சை மாற்றினாள் இல்லையா? நடந்தது இதுதான்.

சேதம் பார்க்க ஆள் வருவார் என்று முதல் நாள் போன் வந்தது. போனை வைத்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, “ஐயையோ, வீடு இருக்கிற லட்சணத்துல ஒரு மனுஷரை உள்ள கூப்பிட முடியுமா?” அவ்வளவுதான். மூன்று பேரும் வீட்டுக்குப் போனோம். சேற்றை வாரிக் கொட்டினோம். ஊறிப்போன துணிகளையும் உப்பிப்போன பலகைகளையும் நகராட்சி வண்டியில் ஏற்றிவிட்டோம். அம்மா தரையை மூன்று தடவை கழுவினாள். சுவரில் என் நெஞ்சளவுக்குத் தண்ணீர் நின்ற கறை இருந்தது. அப்பா ஒரு டப்பா சுண்ணாம்பு வாங்கி வந்து அதன்மேல் அடித்துவிட்டார். பட்டம் வாங்கிய நானும் வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தேனே தவிர, இது தப்பாச்சே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் வீடு சுத்தமாக இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வந்தவர் அவசரக்காரர். வாசலிலேயே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, “தண்ணி எங்கம்மா வந்துச்சு?” என்று கேட்டார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “தெரியவே தெரியாது சார்!” என்றாள்.

அவரும் அதையே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் போட்ட போன்களுக்குக் கணக்கில்லை. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிப் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பாட்டு இப்போது அப்பாவுக்கே மனப்பாடம். ஒவ்வொரு தடவையும் வேறொருவர் எடுப்பார், வெள்ளம் வந்ததிலிருந்து சொல்லச் சொல்வார். பாலிசியின் அசல் வேண்டும் என்றார்கள். அது தண்ணீரோடு போய்விட்டது என்றால், போனதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். அப்பாவின் மெஷின் வெள்ளத்துக்கு முன் இருந்த போட்டோ கேட்டார்கள். “மெஷினோட நின்னு போட்டோ எடுத்துக்க நான் என்ன அதைக் கல்யாணமா பண்ணிக்கிட்டேன்?” என்றார் அப்பா. உன் கல்யாண ஆல்பத்தைப் பார் அக்கா. கடைக்கு முன்னால் எல்லோரும் நின்ற படத்தில் பின்னால் மெஷினும் பதிந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஞாபகம். இருந்தால் உடனே அனுப்பு.

நேற்று அம்மாவும் நானும் அவர்கள் அலுவலகத்துக்கே போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “சேதம் இல்லைன்னு ரிப்போர்ட் இருக்கே. அப்புறம் எதுக்கு வந்தீங்க?” என்றார். நான் ஏதோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. “சத்தமா சொல்லுங்க மேடம்” என்றார். அந்த மேடம் யார் என்று அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் எப்படியோ தொண்டை திறந்துகொண்டது. “அவர் பார்த்தது எங்கம்மா கழுவின வீடு சார். வெள்ளம் வந்த வீட்டை அவர் பார்க்கவே இல்ல” என்றேன். வரிசையில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் உள்ளே எழுந்துபோனார். போனவர் திரும்ப நேரமானது, நாங்கள் நகரவில்லை. மறுபடி ஓர் ஆளை அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் பொறு என்கிறேன். பாப்பாவுக்கு என் முத்தம்.

அன்புள்ள,
உன் பூனை

•

டிரைவிங் ஸ்கூல் மாடி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் நான் எழுதியதற்கு உன் பார்சல் வந்தது. பாப்பா கிறுக்கிய படத்தை அப்பா ‘வலப்புறம் திரும்பாதே’ மேல் ஒட்டிவிட்டார். மாமாவுக்கும் சம்மதம்தான். வகுப்பு எடுக்க மேலே வரும்போது அந்தக் குறியை மட்டும் கையைக் காட்டிச் சொல்லித் தருகிறார்.

நீ அனுப்பிய கல்யாணப் போட்டோவைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு உனக்குக் கேட்டிருக்கும். மெஷின் இருக்கிறது. ஆனால் அதன்மேல் பூப்போட்ட போர்வை! ஜனங்கள் வருகிற நாளில் எண்ணெய்ப் பிசுக்கோடு மெஷின் தெரியக்கூடாது என்று அம்மாதான் போர்த்தியிருக்கிறாள். “அன்னிக்கே ஆரம்பிச்சுட்டியா?” என்று அப்பா கேட்டார். அம்மா ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது ஆள் முந்தாநாள் வந்தார். அதற்கு முந்தின நாள் முழுக்க அம்மாவைக் கட்டிப்போடுவதே எங்களுக்கு வேலையாகிவிட்டது. அப்பா துடைப்பத்தை மாமாவின் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினார். கிளம்பும்போது அம்மாவின் முந்தானைக்குள் ஒரு துணி இருந்தது. முகம் துடைக்கத்தான் என்றாள்.

வந்தவர் பெரியவர், கொஞ்சம் பருமன், பேச்சில் நிதானம். எல்லா இடமும் பார்த்தார். கனமென்று நாங்கள் நகர்த்தாமல் விட்ட பெரிய அலமாரியை அவரும் அப்பாவும் சேர்ந்து தள்ளினார்கள். அதன் பின்னால் சுண்ணாம்பு போகாத சுவரில் கறை அப்படியே இருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டார். ஆனாலும், “வீட்டுக்குள்ள தண்ணி வந்தது சரி. கடைச் சாமான் கெட்டுப்போச்சுன்னு எதை வச்சு எழுதறது?” என்று கேட்டார். கெட்டுப்போனதையெல்லாம்தான் வண்டியில் ஏற்றிவிட்டோமே. மிஞ்சியது மெஷினின் இரும்பு உடம்பு மட்டும். அதையும் அப்பா துரு போகத் தேய்த்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

கடை மூலையில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று இருந்தது. ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்து, டெலிவரிக்கு நின்றது. வெள்ளத்தில் முழுகிப்போனதை, முதல் ஆள் வருவதற்கு முன் அப்பா மேலே துடைத்து, புது ரெக்சின் போட்டுக் கையாலேயே தைத்து மூடிவிட்டிருந்தார். பார்த்தால் ஷோரூம் சோபா. உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அன்று முழுக்கப் பெரியவரை அதன் பக்கமே போகவிடாமல் அம்மா நின்றபடியே டீ கொடுத்தாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. “சார், நீங்க அந்த சோபால உட்காருங்க” என்றேன்.

அம்மா என் கையைக் கிள்ளினாள். அப்பா, “வேண்டாம்மா, நாற்காலி எடுத்துட்டு வரேன்” என்று ஓடப் பார்த்தார். பெரியவர் அதற்குள் உட்கார்ந்துவிட்டார். நல்ல பாரமான மனிதர். தையல் ஓரமெல்லாம் பழுப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தது. அவர் எழுந்து பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ஐயோ, சார் பேன்ட்டு!” என்று அம்மா முந்தானையிலிருந்து அந்தத் துணியை உருவிக்கொண்டு ஓடிவந்தாள்.

“துடைக்காதீங்கம்மா! முதல்ல போட்டோ எடுத்துக்கறேன்” என்றார் அவர்.

பிறகு பிளேடு கேட்டார். அப்பா கொடுக்கவில்லை. புது ரெக்சினைக் கிழிக்க மனசு வரவில்லை அவருக்கு. கீழே உட்கார்ந்து தையல் தையலாகப் பிரித்தார். பெரியவரும் அவசரப்படுத்தாமல் ஈர பேன்ட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஃபோம் கறுத்து, வண்டல் படிந்து, பிழிந்தால் ஒரு வாளி நிறையும் போலிருந்தது. அந்த நாற்றத்தை எழுத முடியாது. எதற்கய்யா இதை மூடி வைத்தீர்கள் என்று கேட்டார். “வர்றவங்க பார்த்தா அசிங்கமா இருக்குமேன்னுதான் சார்” என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

அவர் சிரித்துவிட்டார். “இல்லாத சேதத்தைக் காட்டற ஆளுங்களைத்தான் நான் தினமும் பார்க்கறேன். இருக்கிற சேதத்தை மறைக்க இவ்வளவு பாடுபட்டவங்க நீங்கதான்யா” என்றார். போகும்போது அம்மாவிடம், பணம் கைக்கு வரும்வரை தயவுசெய்து எதையும் கழுவாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இன்று காலை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். கடைக்கு உள்ள பணம் வரும். மெஷின், மரம், ஃபோம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. வீட்டுச் சாமானுக்குக் கிடையாது. கழுவி அடுக்கிய பாத்திரமும் துவைத்து மடித்த துணியும் உபயோகிக்கிற நிலையில் இருக்கின்றனவாம். எனக்குக் கோபம் வந்தது. மறுபடி போய்ப் பேசுகிறேன் என்றேன். அம்மா விடவில்லை. “சுத்தமா இருக்குன்னு கம்பெனிக்காரனே சொல்லிட்டான், அதுல என்னடி சண்டை?” என்றாள். அப்பா அப்போதே மெஷின் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார். போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன்.

நாங்கள் வரவில்லை அக்கா.

அம்மாவையும் அப்பாவையும் சொல்லச் சொன்னால் இன்னும் ஒரு வருஷம் ‘பாக்கலாம்’ என்பார்கள். உன் மனசு நோகும் என்று இருவருக்கும் பயம். அதனால் நான் சொல்கிறேன். அந்தப் பெரிய வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். அங்கே அப்பாவுக்குத் தனி அறை இருக்கும், டி.வி. இருக்கும், நீ தாங்குவாய். எல்லாம் சரி. ஆனால் இந்த ஒரு மாதமாக அவர் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்ததை நீ பார்க்கவில்லை. மாமாவின் வண்டிகளில் பிரியாத தையலைத் தேடிப் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தார். அத்தானிடம் என் வேலை விஷயத்தையும் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. இங்கேயே தேடிப் பார்க்கிறேன். கவுன்ட்டரில் போய்ப் பேசிவிட்டேன், நேர்காணலில் பேசமாட்டேனா?

சின்ன வயதிலிருந்து எனக்கும் சேர்த்து நீதான் பேசினாய். பள்ளிக்கூடத்தில் என் பேரைக் கேட்டால்கூட நீதான் சொல்லுவாய். சத்தமே வராது என்று எனக்குப் பூனை என்று பேர் வைத்ததும் நீதான். நீ சொன்ன எதற்கும் நான் வேண்டாம் என்றதில்லை. இதுதான் முதல் தடவை. இதை எழுத நான்கு தாள் கிழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் திரும்புகிறோம். சுவர் இன்னும் காயவில்லை, ஜன்னல்களைத் திறந்துவைத்துச் சமாளித்துக்கொள்வோம். அம்மா உங்கள் மூவருக்கும் தன் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னாள். அப்பா இன்னும் கடையிலிருந்து வரவில்லை, அவர் சார்பிலும் நானே எழுதிவிடுகிறேன்: நன்றாக இருங்கள்.

உனக்குக் கோபம் வரும். வந்தால் திட்டி எழுது, நீளமாகவே எழுது, நான் குறுக்கே பேசமாட்டேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே, அக்கா.

அன்புள்ள,
உன் பூனை