அரக்கு தெரியும் வெளிச்சம்

இன்று காலை எவ்வளவு தேய்த்துக் கழுவியும் விரல் நுனியில் ரோஜா நிறம் போகவில்லை. சிவப்புச் சாயத்தைக் கையுறை இல்லாமல் தொட்டால் இப்படித்தான். உனக்குப் பத்து விரலும் எப்போதும் இப்படியே இருக்கும். ஆய்வகத்தில் அதற்காக உன்னைத் திட்டாத நாளே இல்லை.

விளக்குக்காக நாம் சேர்ந்து செய்த முதல் படலம் நினைவிருக்கிறதா? நீலமாக ஒளிரும் நானோ துகள்களையும் மஞ்சளாக ஒளிரும் சாயத்தையும் பிளாஸ்டிக் கரைசலில் கலந்து, கண்ணாடியில் ஊற்றிக் காயவைத்து உரித்தோம். ஊதா விளக்கின் மேல் வைத்ததும் பால்போல் வெள்ளை. நிறம் அளக்கும் மீட்டரும் வெள்ளை என்றது. நான் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ பையிலிருந்து ஓர் அரக்குப் பட்டுத் துண்டை எடுத்து அந்த வெளிச்சத்தில் பிடித்தாய். பட்டு காப்பித்தூள் நிறத்தில் செத்துக் கிடந்தது.

"இதுல செவப்பே இல்லபா. எங்க கடையில இதப் போட்டா, பொடவைய வாசலுக்கு எடுத்துக்கினு ஓடுவாங்க."

"மீட்டர் சரின்னு சொல்லுதே."

"மீட்டரா பொடவை கட்டப் போவுது? எங்கம்மா சொல்லணும்."

பெரிய காஞ்சிபுரத்தில் உங்கள் கடைக்கு வருகிறவர்கள் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்த பிறகுதான் நிறத்தை நம்புவார்கள். மழை நாளில் வியாபாரம் படுத்துவிடும். வாசலுக்குப் போகத் தேவையில்லாதபடி ஒரு விளக்கைத் தருகிறேன் என்று அம்மாவுக்கு நீ வாக்குக் கொடுத்திருந்தாய். கலவையில் சிவப்புச் சாயமும் சேர்த்தோம். அதைக் கூட்டினால் படலம் ரோஜா நிறமானது; குறைத்தால் அரக்கு மறுபடி மங்கியது. அதற்குள் ஒரு காய்ச்சல் வந்து நீ ஒரேயடியாகப் போய்விட்டாய். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பாதி வேலையில் யாராவது போவார்களா?

பிறகு துகள்களையும் சாயங்களையும் ஒன்றாகக் கலக்காமல், ஒன்றின் ஒளியை இன்னொன்று விழுங்காதபடி தனித்தனிப் படலங்களாக அடுக்கிப் பார்த்தேன். அரக்கு எழுந்து வந்தது. போன வாரம், நல்ல வெயில் நாளாகப் பார்த்து, அந்தப் படலங்களைப் பொருத்திய விளக்கை உங்கள் கடைக்குக் கொண்டுபோனேன்.

உன் அம்மா ஓர் அரக்குப் புடவையை அதன் கீழே விரித்துப் பார்த்தார். பழக்கப்படி வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தார். உள்ளே வந்தார். மறுபடி வாசலுக்குப் போனார்.

"வெளிய இருக்கிற அரக்குதான்மா உள்ளயும் இருக்குது," என்றார். புடவையை மடித்து வைத்துவிட்டு, "அவ பாத்தாளா இத?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

உன் பட்டுத் துண்டு என் பையில்தான் இருக்கிறது. புதிதாக எந்தப் படலத்தை உரித்தாலும் முதலில் அதைத்தான் பிடித்துப் பார்க்கிறேன். மீட்டர் அப்புறம்தான்.