மாடித் தக்காளியும் சம்பந்தியம்மாவும்

அண்ணி,

காலையில் மாடிக்குப் போய்த் தக்காளிச் செடிகளின் தலையைக் கிள்ளிவிட்டு வந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் விரலை விட்டு அந்தப் பச்சை வாசனை போகவில்லை. காபி டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் மூக்கில் ஏறுகிறது. உங்களுக்கு இந்த வாசனை பிடிக்காது. "மூட்டப்பூச்சிய நசுக்கினாப்ல இருக்குது" என்பீர்கள். சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து இன்னொரு தடவை முகர்ந்தும் பார்ப்பீர்கள். நீங்கள் போன பிறகு வரும் முதல் வெயில்காலம் இது.

உங்கள் மகனுக்கு என் மகளைக் கொடுத்த பிறகும் நாம் இருவரும் பல வருடம் சம்பந்தியம்மா, சம்பந்தியம்மா என்று எட்ட நின்றேதான் பேசினோம். கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து ஆட்கள் உட்கார்ந்தபோது ரசம் தீர்ந்துபோயிருந்தது. "ரசம் கூடவா பத்தாது?" என்று நீங்கள் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. அதை நான் மறக்கவில்லை. நான் மறக்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

அப்புறம் ஒரு பங்குனியில் உங்கள் திண்டிவனம் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டீர்கள். பெங்களூரில் பிள்ளைகள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உங்கள் மகனுக்கு லீவும் தீர்ந்துவிட்டது. என் மகள் போன் பண்ணினாள். "அம்மா, அத்தைய கொஞ்ச நாளு நம்ம ஊட்ல வெச்சிக்கிறியா?"

காரிலிருந்து உங்களை இறக்கியதற்கு அடுத்து இறங்கியது ஓர் அரிசி மூட்டை. பெண் எடுத்த வீட்டுச் சோற்றை உட்கார்ந்து தின்றதாக ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்று, எங்கள் விழுப்புரத்தில் அரிசியே கிடைக்காததுபோல அங்கிருந்தே கொண்டுவந்திருந்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது. மூட்டையை உங்கள் அறை மூலையிலேயே வைத்தேன். ஒரு கரண்டி சோற்றுக்குமேல் நீங்களும் போட்டுக்கொள்ளவில்லை. என் வீட்டில் நானே சத்தமில்லாமல் நடக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் மாடியிலிருந்து நான் காலி வாளியோடு இறங்கிவந்தபோதுதான் கேட்டீர்கள். "தெனம் மேல என்னா பண்றீங்க?"

"தக்காளி வெச்சிருக்கறேன். காய்ச்சி எத்தினியோ நாளாவுது, பழுக்கவே மாட்டேங்குது."

"எங்க, போன்ல புடிச்சிக்கினு வாங்க, பாக்கலாம்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். நம் வீட்டில் நீங்கள் சிரித்த முதல் சிரிப்பு அது. "இது தக்காளிச் செடியா, வேலியா? என்னா போட்டு வளக்கறீங்க?"

கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து வாரத்துக்கு இரண்டு தடவை ஊற்றுவதைச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டீர்கள். உங்கள் வீட்டுத் தொட்டிகளிலும் அப்படித்தான் ஊற்றி ஊற்றி, இலை மட்டுமே கண்டீர்களாம்.

மறுநாளிலிருந்து மாடியில் நான், கீழே நாற்காலியில் நீங்கள், நடுவில் வீடியோ கால். சத்தெல்லாம் காய்க்குப் போகட்டும் என்று, கத்திரிக்கோலோடு செடிக்குச் செடி தலையை வெட்டிக்கொண்டு நின்றேன். "அது இல்ல, அதுக்குப் பக்கத்துது. ஐயோ, பூவக் கிள்ளுங்க அண்ணி, இருக்கற காயே போதும். ஜல்தி, ஜல்தி!" அண்ணி என்று எப்போது ஆரம்பித்தீர்கள் என்று நீங்களும் கவனிக்கவில்லை, நானும் அப்போது கவனிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப்பார்த்தாள். "என்னாக்கா, சம்மந்தியோட சண்டையா? தெருவுக்கே கேக்குது."

"சண்ட இல்லம்மா, தக்காளி" என்றேன்.

தலையைக் கிள்ளியாயிற்று, புண்ணாக்குத் தண்ணீரையும் நிறுத்தியாயிற்று. அப்படியும் காய்கள் சிவக்கவில்லை. வெயில் பத்தவில்லை என்றீர்கள். தொட்டிகளை மாடியின் நடுவுக்கு இழுத்துவைத்தேன். காய்கள் வெளுத்து மஞ்சளடித்ததோடு சரி. அந்த வாரம் நமக்குள் கொஞ்சம் முறைப்பும் இருந்தது. பிறகுதான் ஒரு காலை, செடிக்கடியில் இலை மறைவில் கிடந்த ஒரே ஒரு காயில் செந்நிறம் ஏறியிருப்பதைப் பார்த்தேன். வெயில் படாத காய். ஓடிவந்து சொன்னேன்.

"அப்ப நம்பளமாதிரிதான். இந்த வெயில்ல அதுக்கும் முடியல" என்றீர்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லி, கரை போன பழைய நூல் புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள். துணி காயப்போடும் கம்பியில் அதைப் பந்தலாகக் கட்டினேன். பத்து மணிக்குமேல் செடிகள் உங்கள் புடவை நிழலில் நின்றன.

லேசாக நிறம் திரும்பிய காய்களைப் பறித்துவரச் சொன்னீர்கள். மிச்சம் கீழேயே பழுக்கும் என்று, மூலையிலிருந்த உங்கள் அரிசி மூட்டையை முதல்தடவையாக அவிழ்த்து ஒவ்வொன்றாகப் புதைத்தீர்கள். தினமும் காலையில் கையை விட்டுத் தொட்டுப் பார்ப்பது உங்கள் வேலை.

மாவுக்கட்டு பிரித்த வாரம்தான் காணை கிராமத்திலிருந்து உங்கள் தம்பி காரோடு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். அவர் குரல் தணிந்துதான் இருந்தது, ஆனாலும் கேட்டது.

"கால்தான் சரியாப்பூட்சே, கெளம்புக்கா. சம்மந்தி ஊட்ல எத்தினி நாளு ஒக்காந்திருப்ப? நாலு பேரு என்னா பேசுவாங்க?"

நீங்கள் வந்த அன்று, எப்போது கிளம்புவீர்கள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டவள் நான். அன்றைக்கோ, நீங்கள் எழுந்து பையை எடுக்கும் சத்தம் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

"இப்ப வர்லடா" என்றீர்கள். "தக்காளி பழுக்க வெச்சிருக்கறேன்."

"தக்காளிக்காவவா?"

"ஆமா. நானும் எங்க அண்ணியுமா வெச்சது. பழுத்தத சாப்ட்டுட்டு, நடக்க தெம்பானப்பறம் சொல்றேன். பேசறவங்கள என்னாண்ட வந்து பேசச் சொல்லு. காபி குடிச்சிட்டுப் போ."

அவர் காபி குடித்துவிட்டுப் போனார். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசல்வரை வந்தீர்கள். "அந்த மூட்டைல இருக்கறத உங்க அரிசி டப்பாலயே கொட்டிடுங்க. பழத்த மட்டும் பதனமா எடுத்து வெச்சிட்டு."

அந்தப் பழங்களைப் பிசைந்து ரசம் வைத்தேன். சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டீர்கள், மறுபடி கேட்டீர்கள், டம்ளரிலும் வாங்கிக் குடித்தீர்கள். பிறகு ரொம்பச் சாதாரணமாகக் கேட்டீர்கள். "கல்யாணத்துல தீந்துபோன ரசம் இதானா அண்ணி?"

எனக்குப் புரையேறிவிட்டது. என் தலையைத் தட்டிக்கொண்டே நீங்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

அதற்குப்பின் ஒவ்வொரு வெயில்காலமும் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள், அரிசி இல்லாமல். இந்தத் தை மாதம், உங்கள் வீட்டில், காலைக் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சிரமப்படாமல் போனீர்கள். எனக்கு அந்த நிம்மதி இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மகன் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா எங்ககிட்ட ரொம்பப் பேசவே மாட்டாங்க அத்தை. உங்க ஊட்ல மட்டும் அப்படி என்னாதான் பேசிக்கினு இருப்பாங்க?"

சின்ன வயதில் நீங்கள் அனந்தபுரம் சந்தையில் கோழி வாங்கிவர, பஸ்ஸில் அது பையிலிருந்து தப்பி டிரைவர் மடியில் போய் உட்கார்ந்த கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பந்தல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இது எனக்குத் தெரியவே தெரியாதே" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் டிபன் முடித்துவிட்டு போன் பண்ணுகிறார். "அத்தை, இன்னிக்கி ஒண்ணு சொல்லுங்க." அம்மாவாக ஆவதற்கு முந்தைய உங்களை நீங்கள் என்னிடம்தான் கொட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. போன வாரம் சொல்லும்போது நடுவில் உங்களைப் போலவே பேசிவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்புறம், அத்தை?" என்றார் உங்கள் மகன்.

மிச்சக் கதையைச் சொன்னேன்.