மூச்சால் அளந்த பவளப்பாறைகள்

தென்கடலும் கீழைக்கடலும் திறை அளக்கும் திரைமா நாட்டின் பேரரசி அலர்மேனியார் அவையிலிருந்து, மூத்த அமைச்சர் காரி நாகனார் விடுக்கும் ஓலை. சங்குத்துறைக் காவலரும் நாற்பது நாவாய்களின் தலைவருமாகிய பெருமதிப்பிற்குரிய அழிசியார் கண்டு தெளிக. தங்கள் துறையில் காற்று இசைவாக வீசுக. கடலுக்குப் போனவர் அனைவரும் கரை காண்க. தம்பியாரைக் கடலுக்குக் கொடுத்த தங்களுக்கு இவ்வாழ்த்து கசக்கும் என்பதை அமைச்சர் அறிவார். ஆயினும் வேறு வாழ்த்து அவருக்குத் தோன்றவில்லை.

உலகின் பவளப்பாறைகள் அனைத்தையும் ஒரே துணியில் கடல்வழிப் படமாகத் தீட்டும் பணி ஓவியர் நெய்தலியாரிடம் ஒப்படைக்கப்பட்டது தாங்கள் அறிந்ததே. மான்கொம்பு போல் கிளைத்தவை, விசிறி போல் விரிந்தவை, இடையே மேயும் கிளிமீன்கள் என ஒவ்வொன்றையும் அதனதன் நிறத்தில் அவர் தீட்டினார். அப்படத்தை நம்பிச் சென்ற தங்கள் மரக்கலம் வெண்மணல் தீவருகே பாறையில் மோதி உடைந்தது. தம்பியார் உட்பட ஒன்பது பேர் மாண்டனர். பிழைபடத் தீட்டிய வலக்கையைத் தாங்கள் கேட்டபடியே வரும் நிறைமதி நாளில் துண்டிக்குமாறு தங்களுக்கு ஓலை எழுதியவர் இதே நாகனார்தாம். எழுதிய கையோடு முத்திரையும் இட்டார்.

தங்கள் சிறையிலிருந்து நெய்தலியார் எழுதிய நறுக்கோலை ஒன்று நேற்று வந்தது. அதில் கருணை கேட்கும் சொல் ஒன்றுகூட இல்லை. தூரக் கடல்களில் மூழ்கிய முத்துக்குளிப்போர் பாறைகளின் நீளத்தை மூச்சுக் கணக்கில் சொன்னார்கள் என்றும், மற்றவர் இரண்டு மூச்சில் கடக்கும் தொலைவை அவர்களுள் கடம்பன் என்பவன் ஒரே மூச்சில் கடப்பவன் ஆதலால் அவன் அளந்த பாறைகள் படத்தில் பாதியாகச் சுருங்கிவிட்டன என்றும், அப்படிப்பட்டவை இன்னும் மூன்று உள்ளமையால் அவ்வழி செல்லும் கலங்களைக் காற்று திரும்புமுன் நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தார். மூச்சுக் கணக்கில் தீட்டச் சொன்னவர் யார் என்பதை மட்டும் எழுதவில்லை.

அதை நாகனாரே எழுத வேண்டியிருக்கிறது. முடிச்சிட்ட கயிற்றால் அளக்க ஓராண்டு அவகாசம் கேட்டு நெய்தலியார் அவர் வாசலில் மூன்று நாள் நின்றார். முடிசூட்டு விழாவுக்குள் படம் வேண்டும் என்ற அவசரத்தில், மூச்சுக் கணக்கே போதும், பாறை எங்கும் ஓடிவிடாது என்று கேலி பேசி அனுப்பியவர் அமைச்சரே. விழாவில் படத்தைக் கண்டு அவை வியந்தபோது பாராட்டை வாங்கிக்கொண்டார். கலம் உடைந்த சேதி வந்தபோது வாயைத் திறக்கவில்லை. மறந்துவிட்டதாகத் தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தார், மறக்கவில்லை. வெட்கம் அவரைத் தின்கிறது.

இவை யாவும் அரசியார் திருமுன் சொல்லப்பட்டு, அவர் இசைவோடு பிறக்கும் ஆணை இது. முந்தைய ஓலை செல்லாது. இவ்வோலை கண்ட நாழிகையே நெய்தலியாரின் விலங்கை அகற்றுக. அவர் சொன்ன கலங்களை நிறுத்துக. படகும் கயிறும் கடம்பனையும் அவர் கேட்கும் காலத்தையும் தந்து, படத்தை அவர் கையாலேயே திருத்தச் செய்க. இம்முத்திரை இட்டதும் அமைச்சரின் பதவி மோதிரம் அரசியாரிடம் சேரும். ஒன்பது உயிருக்கு ஈடாகத் தாங்கள் கேட்ட கை அடுத்த படகில் தங்கள் துறைக்கு வரும். காவலர் துணையின்றி, நாகனாரே அதைத் தம் தோளோடு கொண்டுவருவார்.