அப்பா சாப்பிட்ட பலகாரத் தட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? கேட்டால் தேவலை என்றுதான் சொல்வீர்கள், அதனால் அம்மாவையே எழுதச் சொல்லுங்கள்.

நேற்று விடுமுறை. சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்பவர்கள் என் அறையில் கூடி, ஆளுக்கொரு வீட்டுக்கதை சொன்னோம். நீங்கள் பெண் பார்க்கப் போய், வீடு மாறிப் பக்கத்து வீட்டில் பலகாரம் சாப்பிட்ட கதையை நான் எடுத்துவிட்டேன். அம்மா சொல்லும் இரண்டு தட்டை நான்காக்கினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இஸ்திரி போடும் அண்ணன், "உங்கப்பா பலே ஆளுப்பா" என்றார்.

நம் வீடாக இருந்தால், "ஒரு தட்டுதான்டி, அதுவும் பாதி" என்று நீங்கள் எழுந்தே விடுவீர்கள். மாமா அம்மா பக்கம் சேர்ந்துகொள்வார். இங்கே நான்கையும் அப்படியே நம்பிவிட்டார்கள். கதை முடிந்தும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.

வரும் விடுமுறைக்கு நம் வீட்டில் எல்லோரும் கூடும்போது, அந்தக் கதையைத் தங்கை போனில் பதிவுசெய்து அனுப்பட்டும். நடுவில் வரும் தட்டுச் சண்டையை வெட்ட வேண்டாம். கால்வெடிப்புக்குக் களிம்பும் வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள். ஒரு தட்டுதான் என்றே சொல்லுங்கள் அப்பா. விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மகன்